சிக்னலில் நின்றுபோகும் கார்

குஸானகி மினேகோ சான் என்ற மூதாட்டியின் கார் என் பட்டறையில் இருந்த நாட்களில் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. அதுதான் பிரச்சினை.

அவர் ஓட்டினால் நின்றுவிடும், நான் ஓட்டினால் நிற்காது. எங்கள் ஊரிலிருந்து கணவாய் தாண்டிப் போகும் சாலையில், சிக்னலில் காத்திருந்து, பச்சை விழுந்து, கிளட்சை விடப்போகும் நேரத்தில் இன்ஜின் செத்துவிடுகிறது என்றார். எப்போதும் இல்லை. சாயங்காலங்களில் மட்டும், அதுவும் சில நாள்தான்.

அவருக்கோ சாயங்காலம்தான் முக்கியம். கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள பராமரிப்பு இல்லத்தில் அவர் கணவர் ஷோகிச்சி இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாய் திறப்பதில்லை. மினேகோ சான் போய் ஊட்டினால் இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிடுவார். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கார் ஓடினால்தான் அவருக்குச் சாப்பாடு என்று ஆகிவிட்டது.

போன வாரம் ரயில்வே கேட்டில், கம்பம் மேலே எழுந்ததும் வண்டி நின்றுபோயிருக்கிறது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியிருக்கிறான். இதை அவர் தொலைவில் சைத்தாமா நகரத்தில் இருக்கும் மகனிடம் போனில் உளறிவிட்டார்.

"யூஹே ஞாயித்துக்கிழமை வரான். அதுக்குள்ள சரியாகலன்னா வண்டிய உடைக்கக் குடுத்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவானாம். அப்பாவுக்கு அங்க இடம் கிடைச்சதும் அவரையும் மாத்திடலாம்னு சொல்றான்."

"எப்ப கிடைக்குமாம்?"

"வரிசையில எழுதி வைக்கணுமாம். அதுவரைக்கும் இவர் வாய மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரா? நீங்க என்ன சொல்றீங்க, ஹதகேயாமா சான்?"

"வண்டிய விட்டுட்டுப் போங்க. பாக்கறேன்."

"இவரைப் பாக்கற டாக்டரும் இப்படித்தான், பாக்கறேன் பாக்கறேன்னு சொல்லிட்டே இருக்கார்."

பழைய வண்டியில் வருவதும் போவதுமாக இருக்கும் பழுதைப் பிடிக்க, கேள்விதான் முதல் கருவி. அதனால் கேட்டேன். "சிக்னல்ல நிக்கும்போது என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நிப்பேன்."

"சரி. அப்புறம்?"

"பச்சை விழறவரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பேன். வேற என்ன பண்ணுவாங்க, டான்ஸா ஆடுவாங்க?"

மாற்று வண்டியாக சின்னக் கார்களுக்கென்றே உள்ள மஞ்சள் நம்பர் பலகை போட்ட என் புதிய காரைக் கொடுத்து அனுப்பினேன்.

அவருடையது முப்பது வயது தாண்டிய வண்டி. பெட்ரோலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைப் பயணி காலடியில் உள்ள ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கும். இப்போதைய கார்கள்போல அதில் கருவியைச் செருகிப் படிக்க முடியாது. ஒரு செருகியின் இரண்டு முனைகளை வயர் துண்டால் இணைத்தால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு கண் சிமிட்டும். சிமிட்டலை எண்ணி, என்ன பழுது என்று புத்தகத்தில் பார்க்க வேண்டும். சிமிட்டலைப் பார்த்தேன். பழுதே இல்லை என்றது.

பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தேன். பெட்ரோல் பம்பின் ரிலேயைப் பிரித்து, விரிசல் விட்டிருக்குமோ என்று எல்லா ஈயப் பற்றுகளையும் மறுபடி வைத்தேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றிப் பார்த்தேன், தண்ணீர் தெளித்தும் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு வயர்க் கட்டையும் பிடித்து ஆட்டினேன். அது தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு ஓடியது.

உதிரிபாகம் கொண்டுவரும் ஓனுமா எட்டிப் பார்த்தான். "இன்னுமா இந்தக் கிழவியோட மல்லுக்கட்டறே? பேசாம கல்யாணம் பண்ணிக்கோ."

"எங்க? என்கிட்ட நோவையே காட்ட மாட்டேங்குது. அதுக்கு என்னைப் பிடிக்கல."

"உன்னை யாருக்குடா பிடிச்சுது" என்று சிரித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அன்று என்னிடம் பேசிய ஒரே ஆள் அவன்தான். என் மனைவி என்னை விட்டு சென்டாய் நகரத்துக்குப் போனதிலிருந்து பட்டறையில் ரேடியோதான் பேசும்.

சாயங்காலங்களில் நானே கணவாய்வரை ஓட்டிப் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றேன். பக்கத்து இருக்கையில் மடித்த போர்வை, ஒரு மிட்டாய் டப்பா, நுனி மெத்தென்ற ரப்பர் கரண்டி வைத்த பெட்டி. கண்ணாடிக்குக் கீழே கோயில் தாயத்து ஆடிக்கொண்டிருந்தது. கணவாய்க்கு முந்தின கடைசி சிக்னலில் எதிரிலும் பின்னாலும் யாருமில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் தினமும் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து பச்சைக்குக் காத்திருக்கிறாரே என்று தோன்றியது. பச்சை விழுந்தது. வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மினேகோ சான் மாற்று வண்டியைத் திருப்பித் தர வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாய்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் சாவியை மேசைமேல் வைத்தார். "உங்க வண்டி நல்ல வண்டிதான். ஆனா மரியாதை தெரியாத வண்டி."

"என்ன பண்ணுச்சு?"

"சிக்னல்ல ஹெட்லைட்ட அணைக்கவே விடமாட்டேங்குது. நான் சுவிட்ச்ச திருப்பினா அது தானா மறுபடி போட்டுக்குது. எதிர்ல நிக்கறவர் மூஞ்சில அடிச்சிக்கிட்டே நிக்க வேண்டியிருக்கு. ஒவ்வொருத்தருக்கும் மன்னிச்சிக்கோங்கன்னு குனிஞ்சு குனிஞ்சு எனக்குக் கழுத்து வலியே வந்துடுச்சு."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"உங்க கார்ல ஒவ்வொரு சிக்னல்லயும் அணைப்பீங்களா?"

"பின்ன? எதிர்ல நிக்கறவருக்குக் கண்ணு கூசுமே. சின்ன விளக்க மட்டும் விட்டுட்டு அணைச்சிடுவேன். பச்சை விழுந்ததும் போடுவேன்."

"ரயில்வே கேட்லயும்?"

"அங்கயும் எதிர்ல ஆள் நிப்பாங்கல்ல?"

"அன்னிக்கு ஒண்ணு விடாம சொல்லுங்கன்னு கேட்டேனே!"

"இதெல்லாம் ஒரு வேலையா? கை தானா பண்ணுது. சிக்னல்ல மூச்சு விட்டீங்களான்னு கேட்டா அதையும் சொல்லியிருப்பேன்."

அவரையே அவர் காரில் உட்காரவைத்து இன்ஜினைப் போடச் சொன்னேன். ஹெட்லைட்டை அணைக்கச் சொன்னேன். பல்பு ஆறும்வரை காத்திருந்து, போடச் சொன்னேன். இன்ஜின் லேசாகச் சிலிர்த்தது. மறுபடி அணைத்து, இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்தோம்.

"இப்ப போடுங்க."

சட்டென்று பட்டறை அமைதியானது.

"ஐயோ, செத்துடுச்சு!" என்றார்.

"செத்துடுச்சு!" என்று நான் கூவினேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மற்றதெல்லாம் சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை மின்னணுப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்தேன். விளக்கைப் போட்டதும், அசையவே கூடாத முள் துள்ளியது. விளக்குகளின் எர்த்தும் பெட்டியின் எர்த்தும் இடது ஹெட்லைட்டுக்கு அடியில் ஒரே போல்ட்டில் சேர்ந்திருந்தன. குளிர்காலம் முழுக்கச் சாலையில் தூவுகிற உப்பு அந்தப் போல்ட்டை அரித்து, பொரித்த அப்பளம்போல ஆக்கியிருந்தது. ஆறிப்போன பல்பு எரியத் தொடங்கும் நொடியில் மின்சாரத்தை ஒரே மடக்காகக் குடிக்கும். குடித்தது திரும்பிப் போக வழி அடைத்துக்கொண்டதும் பெட்டி நொடி நேரம் மயங்கிவிடும், பெட்ரோல் பீய்ச்சாது. வேகமாகப் போகும்போது என்றால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றி எழுப்பிவிடும். நின்றுகொண்டிருக்கும்போது எழுப்ப ஆளில்லை. பெட்டியிடம் போய் என்ன பழுது என்று கேட்டிருக்கிறேன். மயங்கி விழுந்தவருக்கு விழுந்த கதை எப்படித் தெரியும்?

தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெட்டிக்குத் தனியாக வேறு இடத்தில் எர்த் எடுத்து, கிரீஸ் பூசி இறுக்கினேன். முடிக்கும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"சாப்பாட்டு நேரமாயிடுச்சு" என்றார்.

"நானும் வரேன். சரியாயிடுச்சான்னு நீங்க ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ரப்பர் கரண்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். இன்னொருவர் ஓட்ட, நான் சும்மா உட்கார்ந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது, தானாகப் போட்டது. இன்ஜின் அசையவில்லை. கடைசி சிக்னலிலும் அணைத்தார். எதிர்ச் சாலை வெறுமையாகக் கிடந்தது.

"எதிர்ல யாரும் இல்லையே" என்றேன்.

"இல்ல."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"இங்க எப்பவுமே யாரும் இருக்க மாட்டாங்க. அணைச்சிட்டா யாரோ எதிர்ல நிக்கற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

பச்சை விழுந்தது. விளக்கைப் போட்டார். கிளம்பினோம்.

மறுநாள் யூஹே வந்தான். நல்ல பையன்தான், சாலையிலேயே குனிந்து வணங்கினான். "அப்ப அம்மா விளக்க அணைக்காம இருந்திருந்தா வண்டி நின்னே இருக்காதா?"

"இருக்காது."

"கேட்டீங்களா அம்மா? இனிமே அணைக்காதீங்க."

"நீ எதிர்ல வந்தா மட்டும் அணைக்க மாட்டேன்" என்றார் மினேகோ சான்.

அவன் தாயை ஓட்டவிட்டு, கூடவே இல்லத்துக்குப் போய்வந்தான். அப்பா வாய் திறப்பதைப் பார்த்திருப்பான். திரும்பும்போது பட்டறை வாசலில் இறங்கி, பனி உருகும்வரை இப்படியே இருக்கட்டும் என்றான். சைத்தாமா பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

அதன் பிறகு மினேகோ சான் பட்டறைக்கு வரவில்லை. சரியாக ஓடும் வண்டி மெக்கானிக்கிடம் எதற்கு வர வேண்டும்? ஊறுகாயைச் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தேன்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒன்றை மேலே இழுத்துவிட்டு என் பழைய வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். மலைப்பக்கமிருந்து இறங்கி அந்தக் கடைசி சிக்னலில் நின்றேன். எதிரில் யாருமில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் கை போய் ஹெட்லைட்டை அணைத்தது. சின்ன விளக்கின் வெளிச்சத்தில் பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு கார் வந்து எதிரில் நின்றது. அதன் ஹெட்லைட்டும் அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை லேசாகக் குனிந்தது. வேனில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. யாராக இருந்தாலும் குனிந்திருப்பார். நானும் குனிந்தேன்.

பச்சை விழுந்தது. என் விளக்கைப் போட மறந்து, கண்ணாடியை இறக்கி, அந்த வண்டி என்னைக் கடக்கும்வரை காதைக் கொடுத்திருந்தேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கணவாய்ப் பக்கம் வளைவில் திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது.