பன்னிரண்டாம் படுக்கையில் யாருமில்லை

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தேழில். அதற்குத் தனி ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட இவ்வளவு ஆசாரம் கிடையாது. பிரிண்டர் வரவில்லை என்பதால், ஆபரேட்டர் ஜானகிராமன் தினமும் திரையைப் பார்த்துக் கையால் பட்டியல் எழுதி வார்டுக்கு அனுப்புவார். படுக்கைக்கு ஒரு வரி. பட்டியலில் இருப்பவருக்குத்தான் சாப்பாடு, மருந்து, டிஸ்சார்ஜ் எல்லாம். நர்ஸ் தனக்கொடியாகிய என் கண்ணுக்கு மரியாதை போய்விட்டது.

ஆயுத பூஜையன்று ஜானகிராமன் திரையின் குறுக்கே சந்தனக் கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். அதுவரை தினம் மூன்று முறை மக்கர் செய்த மெஷின் அப்புறம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதனால் சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். கோடு விழுந்திருந்தது பன்னிரண்டாம் வரியின் மேல்.

அந்தப் படுக்கை காலியாக இருந்தவரை வம்பில்லை. பிறகு வீராம்பட்டினத்துக் கண்ணையன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அதில் வந்து படுத்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குப் போய்விட்டார். மருந்தை நான் திருட்டுத்தனமாகக் கொடுத்தேன். சோற்றை அவர் மனைவி ஆதிலட்சுமி கொண்டுவந்தாள்.

"சிஸ்டர், என்ன எப்ப உடுவீங்க? நாளன்னிக்கி தீபாவளி. பொண்ணுக்குத் தலைதீபாவளி. மருமவன் வர்றப்ப நான் ஊட்ல இல்லன்னா மானமே போயிடும்" என்று அழுதேவிட்டார் கண்ணையன். நேரே ஜானகிராமனிடம் சண்டைக்குப் போனேன்.

"ஆளு படுத்திருக்காருங்க. என் கண்ணால பாக்கறேன்!"

"படுத்திருக்கறது வேற, இருக்கறது வேற சிஸ்டர். பதிவுல இருந்தாதான் இருக்கறதா அர்த்தம்."

"சந்தனத்துக்கு அடியில இருக்காரே!"

"இருக்கலாம். தெரியாதத நான் எப்படி எழுதறது?"

"அப்ப நீங்க எந்த வரியில இருக்கீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "நான் ஸ்டாஃப்" என்றார்.

வார்டுக்குத் திரும்பினேன். கண்ணையன் தண்ணீர் கேட்டார். ஒரு கணம் என் கை பட்டியலைப் புரட்டிப் பார்த்தது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சோற்றுத் தூக்கோடு வந்த ஆதிலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாமி சந்தனத்தத் தொடைக்கறதாவது!" என்று அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஆனால் அவள் நேராக ஏ.சி. அறைக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு குங்குமத்தை எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டு, சந்தனத்தை விரலால் வழித்துக் கழுத்தில் பூசிக்கொண்டாள். பிரசாதம் எடுப்பவளை எப்படித் தடுப்பது?

பன்னிரண்டாம் வரி பச்சையாகத் தெரிந்தது. ஜானகிராமன் குனிந்து படித்தார். 'கண்ணையன். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்.' ஆபரேஷன் செய்த டாக்டர் அன்றே சொல்லி ஏற்றியது. வெள்ளி போய் ஐந்து நாளாகியிருந்தது.

நிமிர்ந்து அவளைக் கடுப்பாகப் பார்த்தார். "அஞ்சு நாளா உன் வீட்டுக்காரர் வீட்லதான இருக்காரு. இங்க எதுக்கும்மா வந்தே?"

"ஊட்ல இருக்கறவரு அங்கியே இருக்கட்டும் சார்" என்றாள் ஆதிலட்சுமி. "இங்க கெடக்கறவர நான் இட்டுக்குனு போறேன்."