அன்செல்ம் கேட்டு வாங்கிய கடிதம்

மகனைச் சிறையில் அடைக்கும்படி ராஜாவிடம் வேண்டிக்கொண்டவர் அன்செல்ம் பாரூவேதான். சலவைக்காரி நானெத்தைத்தான் கட்டுவேன் என்று மகன் ஃபிர்மேன் ஒற்றைக் காலில் நின்றான். பாரிஸில் மூன்று தலைமுறையாகக் கையுறை தைக்கிற குடும்பம்; மானம் போய்விடுமே என்று அவர் பயந்தார். "நாட்டுக்கே தகப்பனான தாங்கள் இந்தத் தகப்பனுக்கு இரங்க வேண்டும்" என்று மனு எழுதினார். கல்யாண விஷயத்துக்கெல்லாம் அசைய மாட்டார்களோ என்று, மகன் தன்மேல் கத்தி ஓங்கினான் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

மூன்றே வாரத்தில் கடிதம் வந்தது. மடித்த ஒற்றைத் தாள்; முத்திரையை உடைக்காமல் பிரிக்க முடியாது. உள்ளே ஃபிர்மேனைச் சிறையில் வைக்கச் சொல்லி நாலு வரி. என்ன குற்றம் என்று இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. காரணம் சொல்லியிருந்தால் அதை மறுத்து வழக்காடலாம். சொல்லாததால் எந்த நீதிபதிக்கும் அதில் வேலையில்லை. அடியில் ராஜாவின் கையெழுத்து. அதைக்கூட அவரைப்போலவே எழுதப் பழகிய ஒரு செயலர்தான் போடுவார். ஃபிர்மேனைக் கொண்டுபோக அதுவே போதுமாயிருந்தது.

ஒரு வருஷத்துக்குள் நானெத் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கையுறையின் கட்டைவிரல் துண்டை ஃபிர்மேன் அளவுக்குக் கச்சிதமாக வெட்ட கடையில் ஆளில்லை. அதைத் தானே வெட்டி வெட்டிப் பாழாக்கிய ஒரு காலையில், பாரூ கத்தரியைப் போட்டுவிட்டுக் காவல் அலுவலகத்துக்குப் போனார்.

"வாங்க பாரூ," என்றார் குமாஸ்தா. "பையனை இன்னும் கொஞ்ச நாள் உள்ள வைக்கணுமா?"

"வெளிய விடணும் ஐயா. அந்தக் கத்தி விஷயம்... நான் எழுதினது பொய்."

குமாஸ்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மெதுவாப் பேசுங்கய்யா! அப்ப ராஜா ஒண்ணும் செய்யாதவனைப் பூட்டிட்டாரா? கடவுள்தான் அவருக்கு வழி காட்டுறார்னு ஞாயித்துக்கிழமை பூசையில சொல்றப்ப தூங்கிட்டிருந்தீங்களா? அவர் தப்புப் பண்ண மாட்டார்."

"அப்ப என் பிள்ளை?"

"மன்னிப்பார். மன்னிக்கிறதுக்கு ஒரு குத்தம் வேணுமில்ல? கத்தி எடுத்தேன், ராஜா கருணையால திருந்திட்டேன்னு பையன் கையெழுத்துப் போடட்டும்." வாசகத்தை அவரே எழுதியும் கொடுத்தார்.

சிறையில் காவலாளி பக்கத்திலேயே நின்றான். ஃபிர்மேன் பாதியாக இளைத்திருந்தான்.

"சாப்பிடுறியாடா?"

"எலிங்க மிச்சம் வச்சா சாப்பிடுறேன்." சிரித்துக்கொண்டே தாளை வாங்கினான். இரண்டு தடவை படித்தான். சிரிப்பு போய்விட்டது. "இதுக்குத்தானா? ராஜாவுக்கு என்மேல என்ன கோபம்னு ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். யாருப்பா இப்படி எழுதிக் கொடுத்தது?"

பாரூ காவலாளியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நான்தான்."

ஃபிர்மேன் தாளை இன்னொரு தடவை படித்தான்.

"பொய்னு போய்ச் சொன்னேன்டா. கேக்க மாட்டேங்கிறாங்க. போடு. வெளிய வந்து என்னை என்ன வேணாத் திட்டு."

ஃபிர்மேன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

விடுதலைக் கடிதத்திலும் காரணம் இல்லை. அன்று பாரூ விடியற்காலையிலிருந்தே சிறை வாசலில் காத்து நின்றார். நடுப்பகலில் ஃபிர்மேன் வந்தான். அவர் நீட்டிய மேலங்கியை வாங்கவில்லை.

"ராஜாவுக்கு நன்றின்னு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன்," என்றான். "உங்களுக்கும் எழுதணும்னு யாரும் சொல்லலை."

கடை இருந்த தெருவுக்குப் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பி நடந்தான். பாரூ மேலங்கியோடு பாலம் வரைக்கும் பின்னாலேயே போனார். பிறகு கூட்டத்தில் அவன் தலை தெரியவில்லை.