கம்ப்யூட்டரின் பாதுகாப்புக்காக

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய அபிப்பிராயங்கள் வந்து சேர்ந்துவிட்டன.

பெரியநாயக்கன்பாளையத்தில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது செங்கோட்டையனின் பட்டறை. கிணற்று மோட்டார்கள் செய்து தருமபுரி வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து வந்த மச்சினன், ஏ.சி. ரூம் கட்டாமல் கம்ப்யூட்டரை வாங்கவே வேண்டாம் என்றார். கலர் மானிட்டர் கண்ணைக் கெடுக்கும், கறுப்பு வெள்ளையே போதும் என்றார் பேங்க் மேனேஜர். ஸ்டெபிலைசர் விற்கிறவர் ஸ்டெபிலைசர் இருந்தால் போதும் என்றார். யு.பி.எஸ். விற்கிறவர், யு.பி.எஸ். இல்லாவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்றார். செங்கோட்டையன் எல்லோர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எல்லாவற்றையும் வாங்கிப்போட்டார்.

கம்ப்யூட்டரோடு கயல்விழியும் வந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, கோவையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவாள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர்கள், அவளுடைய மெல்லிய குரலைக் கேட்டு, சரியாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளவே மேசை மேல் குனிய வேண்டியிருந்தது. பட்டறையிலும் அப்படித்தான். அவள் பேசியதைவிட அவளுடைய பிரிண்டர் பேசியது அதிகம்.

ஷெட்டின் ஒரு மூலையைக் கண்ணாடியும் பிளைவுட்டும் வைத்து மறைத்து அவளுக்கு ரூம் ஆக்கியிருந்தார்கள். எதிர் மூலையில் டெஸ்டிங் தொட்டி. செய்து முடித்த மோட்டார்களைக் குழாயில் மாட்டி ஓடவிட்டுப் பார்க்கிற இடம். தண்ணீர் பீறிட்டுத் தொட்டியில் விழும், தெறிக்கும், வழியும். அந்தத் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே நிற்கிறவர் காளிச்சாமி.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த என்ஜினீயர் அருள்குமாருக்கு இளம் வயது, நல்ல குரல். முதல் நாள் நின்றபடியே யோசனைகளைச் சொன்னான்.

"எர்த் சரியில்லீன்னா எதுவுமே சரியில்லீங்க சார். இதுக்குன்னே தனியாக் குழி தோண்டணும். கரி, உப்பு போட்டுச் செப்புத் தகடு பொதைக்கணும். தினமும் ஒரு குடம் தண்ணி. காய உட்டுறக் கூடாதுங்க."

"ஊத்தீரலாம். அப்பறம்?"

"தூசிதானுங்க இதுக்கு எமன். செருப்போட யாரும் உள்ள வரக் கூடாதுங்க."

அவன் 'உள்ளே' என்றது கண்ணாடி ரூமை. செங்கோட்டையன் ஒரு படி மேலே போய் யோசித்தார். ரூமே ஷெட்டுக்குள்தானே இருக்கிறது? ஷெட்டுக்குள் வருகிற தூசிதானே ரூமுக்குள் வரும்? மறுநாள் முதல் ஷெட் வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றாகிவிட்டது. அவரும் தம் தோல் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கோயிலுக்குள் நடப்பது போல இருந்தது அவர் நடை. கையெழுத்து நன்றாயிருக்கும் என்று கயல்விழியைத்தான் சார்ட் அட்டையில் எழுதச் சொன்னார்கள். அவள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'செருப்புகளை வெளியே விடவும்' என்று அழகாக எழுதிக் கொடுத்தாள்.

தினமும் காலையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலையானது. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாட்களில் தொட்டியிலிருந்து காளிச்சாமி மொண்டு கொடுப்பார்.

"கொழந்தைக்குப் பாலூட்டப் பொறப்பட்டாச்சுங்களா அம்மணி?" என்பார்.

அவள் சிரித்துக்கொண்டே குடத்தை வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் குடத்தைக் கொடுத்தவர், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் கை பட்டதும் வெடுக்கென்று இழுத்து உதறினார்.

"என்னாச்சுங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. கரண்டு கிச்சுக்கிச்சு மூட்டுது. செருப்பு போட்டிருந்த வரைக்கும் தெரியலீங்க. இப்பத்தான் நெம்பக் குறும்பு பண்ணுது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கால்களைப் பார்த்தாள். ஈரத்தில் ஊறி வெளுத்த கால்கள். அவை செருப்பில்லாமல் நின்றதற்கு ஓர் அட்டை காரணம். அதில் இருந்தது அவள் கையெழுத்து.

சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் யாரும் இல்லாதபோது, அருள்குமார் கொடுத்துவிட்டுப் போயிருந்த டெஸ்டர் ஸ்குரூடிரைவரை எடுத்துப் போனாள். பரிசோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் உடம்பில் முனையை வைத்தாள். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்த மோட்டாரில் கரண்டு கசிந்துகொண்டிருந்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் எர்த் கம்பி இருக்க வேண்டும். தேடினாள். கம்பி இருந்தது. சுவர் ஓட்டை வழியாக வெளியே போனது. இவளும் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் ஒரு குழாய் நட்டிருந்தது. கம்பியைத் தொட்டதும் துருப்பிடித்த நுனி கையோடு வந்துவிட்டது. எத்தனை காலமாக அது எதையும் தொடாமல் நின்றதோ. அதே சுவரோரம் பத்தடி தள்ளி, அவள் தினமும் தண்ணீர் ஊற்றும் குழி ஈரமாக, கறுப்பாக இருந்தது. ஓரத்தில் புல்கூட முளைத்திருந்தது.

மறுநாள் எப்படியோ செங்கோட்டையன் மேசை முன்னால் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தாள். கசிவு, ஈரத்தரை, வெறுங்கால், அறுந்த கம்பி. பாதியைத்தான் சொல்ல முடிந்தது.

"காளியா?" என்று அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. "அவன் இருவது வருசமா அங்கதான் நிக்கறான் கண்ணு. கரண்டே அவனைக் கண்டா ஒதுங்கிப் போயிரும்."

"செருப்பாவது போட்டுக்கிட்டா..."

"ஒருத்தனுக்கு உட்டா நாளைக்கு அத்தனை பேரும் போட்டுட்டு வருவானுங்க. தூசி ஏறி மிசினு நின்னுபோச்சுன்னா? நானே கழட்டிப் போட்டுட்டுத்தான வாரேன்?"

"எர்த்துங்க..."

"ஆயுத பூசை போகட்டும், பாக்கலாம்."

"சரிங்க" என்றாள். அந்தச் சொல் அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

ஆயுத பூசைக்கு முன்பே அது நடந்துவிட்டது. மத்தியானம். தொட்டிப் பக்கம் ஏதோ உருண்ட சத்தம் கேட்டுக் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தாள். காளிச்சாமி ஒரு மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். விட முடியாமல் நிற்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. போர்மேன் தம்பிதுரை ஓடிப் போய் மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தார்.

ஷெட் முழுவதும் இருண்டது. பெல்ட்டுகள் நின்றன, விசிறிகள் நின்றன. காளிச்சாமி மடங்கித் தண்ணீரில் விழுந்தார். கயல்விழிக்குப் பின்னால் யு.பி.எஸ். கீங் கீங்கென்று கத்திக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் அந்தத் திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. பாதி அடித்த பில் அப்படியே நின்றது. ஓர் எழுத்துகூட அசையவில்லை.

செங்கோட்டையன் வெறுங்காலோடு ஓடி வந்தார். காளிச்சாமியைத் தாமே ஒரு பக்கம் தாங்கித் தம்முடைய காரில் ஏற்றினார். "போற வழியில எங்கயும் நிக்காத, நேரா ஆஸ்பத்திரி" என்று டிரைவரிடம் கத்தினார். கார் போனதும் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"மிசினுக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு?"

"இல்லீங்க."

காளிச்சாமி பிழைத்துக்கொண்டார். உள்ளங்கையில் கட்டோடு, வேலைக்குத் திரும்பி வந்தார். அவருக்கும் இப்போது ஆளுக்கொரு யோசனை கிடைத்தது. ஆனைமலைக்குப் போய், கெடுதல் பண்ணினவனைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப்போட்டு வா என்றார் ஒருவர். "யாரு பேரைச் சொல்லி அரைக்கறது? மோட்டாரு பேரையா?" என்று கேட்டார் காளிச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். தம்பிதுரை ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார். ஒரு மணி நேரத்தில் அதுவும் தண்ணீரில் ஊறிப்போனது.

கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு அருள்குமார் வந்த அன்று, கயல்விழி அவனைத் தொட்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். அவன் டெஸ்டரை வைத்தான். வெளியே போய் அறுந்த கம்பியைப் பார்த்தான். திரும்பி வரும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"இது ஆளைக் கொன்னுபோடும் மேடம்."

"நீங்க சொன்னீங்கன்னா கேப்பாருங்க."

"என்ர வேலை கம்ப்யூட்டர் வரைக்குந்தானுங்க. அவரு மோட்டாரைப் பத்தி நான் வாய் தொறந்தா, அடுத்த வருசம் சர்வீஸுக்கு வேற ஆளு வருவான்." அவன் பிரஷை எடுத்துக் கீபோர்டைத் தட்டத் தொடங்கினான். அதற்கப்புறம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது செங்கோட்டையன் உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "என்னப்பா, நம்ம மகாலட்சுமி எப்படி இருக்கறா?"

"நல்லா இருக்குதுங்க சார்."

"அப்பறமென்ன, காப்பி குடிச்சுட்டுப் போ."

அவர் திரும்பிக் கதவில் கை வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் காளிச்சாமி கட்டுப் போட்ட கையால் அடுத்த மோட்டாரைக் குழாயில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டருக்கு ஆபத்து இருக்குதுங்க" என்றாள் கயல்விழி.

அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. செங்கோட்டையன் நின்றார்.

"தொட்டிகிட்ட எர்த் அந்துபோயிருக்குதுங்க. கரண்டு எறங்க வழியில்லாம நிக்குது. வெறுங்கால்ல நிக்கறவரு மேல பாஞ்சுதுன்னா, அவரு கால் வழியா ஈரத்தரையில எறங்கி, நேரா இங்க வந்துருங்க. ஹார்ட் டிஸ்க் போயிரும். பில்லு, ஸ்டாக்கு எல்லாம் போயிருங்க."

மூன்று வருடம் படித்த பாடத்தில் இப்படி ஒரு வாக்கியத்துக்கு இடமில்லை. தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் பேராசிரியை சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார். கயல்விழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கோட்டையனின் முகம் வெளுத்துப்போனது. அருள்குமாரிடம் திரும்பினார். "ஏப்பா, அப்படியுமா ஆகும்?"

அருள்குமார் பிரஷில் இருந்த தூசியை விரலால் ஒருமுறை நீவினான்.

"ஆகலாமுங்க சார்" என்றான். "எர்த் அந்துபோய்க் கெடந்தா எதையும் நம்ப முடியாதுங்க. மொதல்ல அதைச் சரி பண்ணிப்போடுங்க. அங்க நிக்கறவங்க காலுக்கும் ரப்பர்ல ஏதாச்சும் வேணுமுங்க."

"இதைய முன்னாடியே சொல்லக் கூடாதா கண்ணு?" என்றார் செங்கோட்டையன் அவளிடம். கோபமாக அல்ல. நிஜமாகவே வருத்தமாக.



மறுநாள் விடிந்ததும் தொட்டி எர்த்துக்குக் குழி தோண்ட ஆள் வந்தது. செங்கோட்டையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செப்புத் தகடு, கரி, உப்பு எதிலும் குறை வைக்கவில்லை. கோவைக்கு ஆள் அனுப்பி ரப்பர் பூட்ஸ் வாங்கி வரச் செய்தார். பிறகு கயல்விழியைக் கூப்பிட்டுப் புது அட்டை எழுதச் சொன்னார்.

"கம்ப்யூட்டரின் பாதுகாப்புக்காக, தொட்டியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் ரப்பர் பூட்ஸ் அணியவும். எழுதிக்க."

அவள் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்தாள். ஆனால் எழுதவில்லை.

"ஆளுகளோட பாதுகாப்புக்காகன்னு எழுதட்டுங்களா?"

"அப்படி எழுதுனா எவன் மதிப்பான்? எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கழட்டி வெச்சுப்போடுவானுங்க. கம்ப்யூட்டர்னு எழுது. பயந்துட்டுப் போடுவானுங்க."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோடு போட்டு, எழுத்தெழுத்தாக அவர் சொன்னபடியே எழுதினாள்.

அட்டை தொட்டிக்கு மேலே ஏறியது. காளிச்சாமி கீழே நின்று அதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பூட்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ரூம் வரைக்கும் நடந்து வந்தார். புது ரப்பர் கறகறவென்று சத்தம் போட்டது.

"உள்ள வாங்கண்ணா."

"வேண்டாங்க அம்மணி. தூசி." அவர் வாசலிலேயே நின்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். கட்டுப் பிரித்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இந்தப் பட்டறைக்கு வந்ததுலருந்து என்ர காலைப் பத்தி ரோசனை பண்ணுனது இது ஒண்ணுதானுங்க. நல்லா இருக்கட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உண்மையைச் சொன்னால் அந்த அட்டை இறங்கிவிடும். அட்டை இறங்கினால் பூட்ஸும் இறங்கும். வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் டெஸ்டரை எடுத்துப் போய், மோட்டாரை ஓடவிட்டு, அதில் வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. அப்படியும் ஒவ்வொரு மோட்டாராக வைத்துப் பார்த்தாள்.

அடுத்த நாளிலிருந்து காலையில் இரண்டு குடம் தண்ணீர் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் குழிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தொட்டியின் புதுக் குழிக்கு ஊற்றினால் போதும் என்று செங்கோட்டையன் சொல்லியிருந்தார். தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் ஒரு குடம்தான் தேறும். அப்படி ஒரு நாளில் கயல்விழி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பச்சைப் புல் முளைத்திருந்த குழியைத் தாண்டிப் போனாள். புது மண் மேடு இன்னும் அமுங்காமல் இருந்த குழியின் அருகில் குனிந்து, குடத்தைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கேயே ஊற்றினாள்.