ஏழாவது ஆட்சேபணை

“நேராப் போய்க் கேட்டுட வேண்டியதுதானே அண்ணா?”

“கேட்டு, முடியாதுன்னுட்டாங்கன்னா? மனு போட்டா அவங்க அப்படிச் சொல்ல முடியாது. நேர்ல வந்து அளந்தே ஆகணும். விதி அப்படி.”

ஆறு மாதத்துக்கு முன் நானும் அண்ணனும் பேசிக்கொண்டது இது. எங்கள் வண்ணமீன் கடைக்கு அடியில் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று தெருவே கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு மட்டும் வேறு கவலை. முதல் தடவை அளக்க வந்த சர்வேயர் பெண் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இது என்ன, என்னையே முறைக்குது?” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதிர்வில் மீன்களுக்குத் தலைசுற்றும் என்பது முதல் மனு. சர்வேயர் வந்தார், தொட்டி விளிம்பில் கருவியை வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நத்தைகளுக்குப் பிடி நழுவும் என்பது இரண்டாவது. அவருக்குக் கல்யாணமாகவில்லை என்பதை அன்றே நான் விசாரித்துவிட்டேன். தங்கமீன் கூச்ச சுபாவம் உள்ளது என்பது மூன்றாவது. எல்லாம் என் தட்டச்சுதான். ஆறாவது முறை மீன்களுக்குத் தீனி அவரே வாங்கி வந்தார்.

நேற்று பள்ளிக்கூட மண்டபத்தில் கடைசி விசாரணை. திட்ட அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“மீன்கடைக்காரரோட ஆறு ஆட்சேபணையையும் ஏத்துக்கிட்டு, பாதையை அடுத்த தெருவுக்கு மாத்தியாச்சு. இனிமே உங்க தெருவுல அளவெடுப்பு கிடையாது.”

தெருக்காரர்கள் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே உட்கார்ந்திருந்தவன் முகம் பேயறைந்தது போல இருந்தது.

“இறக்கி விடுங்கப்பா. எனக்கு ஏழாவது ஆட்சேபணை இருக்கு.”

“ரயிலே போயாச்சே, இன்னும் எதுக்கு?” என்றார் தையல்கடைக்காரர்.

“போனதுக்குத்தான்.”

அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வேயர் கோப்பைப் பிரித்தார். “சார், ஆறு மனுவுலயும் ‘கோரிக்கை’ங்கிற கட்டம் காலியா இருக்கு. பாதை வேணாம்னு கூட எழுதலை. இதுலயாவது நிரப்புங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

“எழுத வரலைன்னா வாயால சொல்லுங்க” என்று அவர் பேனா மூடியைக் கழற்றினார். “நானே எழுதிக்கிறேன்.”

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதப்பவும் நீங்க வரணும், மேடம். என்னைக் கட்டிக்கிறீங்களா?”