கேள்வியைக் கண்டுபிடித்தவள்

ஏழாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு ‘என்னது’ என்றே பட்டப்பேர். எதைக் கேட்டாலும் “என்னது டீச்சர்?” என்பாள். காது டாக்டரோ, குண்டூசி விழுந்தாலும் கேட்கும் காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போ திமிர்தான் என்று கணக்கு டீச்சர் முடிவு கட்டினார். ஒருநாள் பொறுமையிழந்து, “செவிடன் காதுல சங்கு ஊதின கதைதான்!” என்று வகுப்பே சிரிக்கும்படி சொல்லியும்விட்டார்.

பெற்றவள் விடவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தியைப் பள்ளிக்கே கூட்டி வந்தாள்.

“காதுல கோளாறு இல்ல. காது கேக்கிறத மூளை பிரிச்செடுக்கிறதுலதான் சிக்கல்” என்ற பயிற்சிக்காரி, டீச்சரின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினாள். “இவளுக்குக் கேக்கிற மாதிரி பதிவு பண்ணியிருக்கேன். பத்து கணக்கு. கேட்டு எழுதுங்க.”

மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், இருமல், எல்லாம் ஒரே அளவு உரக்க. அவற்றுக்கு அடியில் ஒரு குரல். ஏழா, ஏழரையா? யோசிப்பதற்குள் அடுத்த கணக்கு ஓடிவிட்டது. பத்தில் இரண்டுதான் எழுத முடிந்தது. தலை விண்ணென்று தெறித்தது.

இதற்குள் உட்கார்ந்துதான் இவள் போன பரீட்சையில் அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள்!

“எப்படிடா கண்ணு?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டார்.

“உங்க வாயையே பாப்பேன் டீச்சர். மொத வார்த்தையும் கடைசி வார்த்தையும் கெடச்சா, நடுவுல என்ன இருக்கும்னு போட்டுப் பாப்பேன்.”

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. மற்றவர்கள் விடையைத் தேடும் நேரத்தில் இவள் முதலில் கேள்வியையே கண்டுபிடித்து, அப்புறம் விடைக்கும் போயிருக்கிறாள். மறுநாள் முழு வகுப்பின் முன்னிலையிலேயே, “அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா” என்றார்.

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார்கள். டீச்சரின் கழுத்தில் குட்டி மைக், அவள் காதில் அந்தக் குரலை வாங்கித் தரும் குட்டிக் கருவி. முதல் கணக்கை வாசித்து முடித்த கையோடு “நாப்பத்திரெண்டு!” என்று குரல். பார்த்தால் அவள்தான், டீச்சரின் வாயைப் பார்க்காமல், தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அடுத்த கணக்கே மறந்துபோனது.

இடைவேளையில் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“டீச்சர், மைக்க அணைக்கல! ஸ்டாஃப் ரூம்ல நீங்க பாடினது கேட்டுச்சு.”

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “சகிக்கலையா?”

“ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா கேட்டுச்சு டீச்சர்” என்றாள் அவள், கண்கள் அகல.