எதிர்ப்பக்கம் மடியும் இலை

ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங் பிச்சைமுத்து சாப்பிட்டு முடித்த வாழையிலை, சென்ற மாசி முதல், தானாகவே எதிர்ப்பக்கம் மடிந்துகொள்கிறது. விருந்து முடிந்தால், உறவு தொடரட்டும் என்று இலையை நம் பக்கம் மடிப்போம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்தான். அதனால் முதல் தடவை அதைப் பார்த்த கல்யாண வீட்டுச் சமையல்காரர் ரசவாளியோடு வீட்டுக்கே போய்விட்டார். அடுத்து பிச்சைமுத்து கட்டும் சாரோங் கைலி கோணலாக மடிந்தது. சாலையோர ஒட்டுக்கடையில் அவர் கேட்ட ரொட்டி சானாய், நாலு மூலையாக மடிக்க வேண்டியது, ஏழு மூலையோடு வந்தது. கூடவே மூச்சும் குறைந்தது. சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர், வாசல் கேட்வரை நடந்துவிட்டு, கேமரன் மலையை அடிவாரத்துச் சிம்பாங் பூலாய்வரை முதுகில் சுமந்து வந்தவர்போல மூச்சிரைத்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தமெல்லாம் சோதித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து நுரையீரலுக்குக் காவலாக அனுப்புமாம். பிச்சைமுத்துவுக்குப் பிறவியிலேயே அது தப்பாக மடிவதால் கல்லீரலுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. காவலில்லாத நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது. போனது திரும்பாது, குழாயில் மருந்தை உறிஞ்சிக்கொண்டு புகைக்குத் தள்ளி இருந்தால் இருப்பதைக் காக்கலாம் என்றார். இலையைப் பற்றிக் கேட்டதற்கு, அது தன் பிரிவு இல்லை என்றார். மனைவி நவமணிக்கு ஆச்சரியமே இல்லை.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு துண்டு மடிக்கத் தெரியாத ஆளு டாக்டர். உள்ள மட்டும் ஒழுங்கா மடியுமா?"

கவலை வேறிடத்தில் இருந்தது. மகள் ஷாமினியை ஆயர் தாவார் கார்த்திகேசுவின் மகனுக்குப் பேசியிருந்தார்கள். கார்த்திகேசு முறை பார்க்கிறவர். பெண்வீட்டு மாமன் இலையை எதிர்ப்பக்கம் மடித்தார் என்று மூத்த மகனின் சம்பந்தத்தையே முறித்தவர். அவர் வைக்கும் விருந்துக்குப் போகாவிட்டாலும் குற்றம், போய்ச் சாப்பிடாவிட்டாலும் குற்றம். வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். நவமணி இலைமேல் அம்மிக்குழவியை வைத்தாள். இலை குழவியோடு மடிந்தது.

விருந்தன்று கார்த்திகேசு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். பாயசம் முடிந்ததும் பிச்சைமுத்து இரண்டு கைகளாலும் இலையை அமுக்கினார். இலை அவரையும் நாற்காலியையும் சேர்த்து ஒரு சாண் தூக்கியது. அவர் நெஞ்சு விசிலடித்தது. ஷாமினி கடித்த அப்பளத்தை மெல்லாமல் நின்றாள். கார்த்திகேசு இலையைப் பார்த்தார், பிச்சைமுத்துவின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார்.

"விடுங்க சம்பந்தி, மூச்சு வாங்குது பாருங்க. என் பக்கந்தானே மடியுது, மடியட்டும் லா."

பிச்சைமுத்து விட்டார். இலை மெதுவாகக் கார்த்திகேசுவின் பக்கம் சாய்ந்தது. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அப்பழுக்கில்லாத முறை. ஒரு கோணலைக்கூட அவரே விரலால் நீவிவிட்டார். அங்கேயே தேதி குறித்தார்கள்.

புரதம் இன்னும் தப்பாகத்தான் மடிகிறது. மருந்துக் குழாய் சட்டைப்பையில் இருக்கிறது. ஈப்போ வட்டாரத்தில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி யாரிடமாவது சமாதானம் வேண்டுமென்றால், பந்தியில் அவருக்கு எதிரே பிச்சைமுத்துவை உட்கார வைக்கிறார்கள். வீட்டிலோ, இத்தனை வருடம் அவருக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்ட நவமணி, இப்போது தன் இலையை அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொள்கிறாள்.