மாஸ்டர் வாங்காத பைக்

கல்யாணத்துக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். நீச்சல் குளத்துக்கு வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில், வெண்ணெய் வாசனை போகாத கைகளைப் பிசைந்துகொண்டு, "உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய மனிதர். எங்காவது இன்னொரு குடும்பம் இருக்குமோ, வெளியே சொல்ல முடியாத வியாதியோ என்று மனம் நாலா பக்கமும் ஓடியது.

"என் பேர்ல எந்த பேங்க்லயும் சல்லிக்காசு கடன் கிடைக்காது" என்றார் அவர்.

"அவ்வளவுதானா?" டீச்சர் சிரித்தேவிட்டாள். "நான் கடன் கேட்டா வந்தேன்? கல்யாணந்தானே கேட்டேன்!"

அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை அவள் கவனிக்காமல் விட்டாள். ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்த பிறகுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அவள் நகராட்சிக் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தருகிறவள். அவரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். ஒரு காலத்தில் மாஸ்டருக்குச் சொந்தமாக ஒரு சின்ன பேக்கரி இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. குழாய் பதிக்கிறோம் என்று கடை வாசலை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போனவர்கள்தான், ஒரு வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்தைத் தாண்டிக் குதித்து வந்து யார் பன் வாங்குவார்கள்? இன்று சரியாகிவிடும், நாளை சரியாகிவிடும் என்று மாவையும் வெண்ணெயையும் கிரெடிட் கார்டில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் அவர். கடைசியில் அடுப்பை விற்று, வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். கார்டு பாக்கி மட்டும் நின்றது. வசூல்காரர்கள் காலையிலிருந்து கூப்பிடுவார்கள். பேசியவர்கள் மரியாதையாகப் பேசவில்லை. ஒரு நாள் போனிலிருந்து சிம்மைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அதோடு உலகத்துக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்த மாதிரி ஆகிவிட்டது.

வாடகை ஒப்பந்தம் டீச்சர் பேரில். மின்சாரம் அவள் பேரில். அவருடைய போன்கூட அவள் பேரில். நூலகத்தில் தடித்தடியாக அவர் எடுத்து வந்து படித்த புத்தகங்கள் எல்லாம் அவளுடைய அட்டையில். நூலகர் ஒரு நாள் அவளைப் பார்த்து, "மேடம், நீங்க நல்லா படிக்கிறீங்க" என்று பாராட்ட, அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்குள்ளும் அவர் அப்படித்தான் இருந்தார். குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவார். நாற்காலியின் நுனியில் உட்காருவார். சொந்த வீட்டில் விருந்தாளியாக வாழ்கிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அவர் வேலை பார்த்த பேக்கரியின் முதலாளி, வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போய்த் தங்கப்போவதாகச் சொன்னார். "கடையை நீயே எடுத்துக்கோப்பா. வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை" என்றார்.

மாஸ்டர் சாயங்காலம் வந்து அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். அடுத்த நொடியே அணைந்தது. "கடனை உன் பேர்லயே கேட்டுடலாம் டீச்சர். நீ ஒழுங்கா கட்டுறவ. உடனே கொடுத்துடுவாங்க."

"கொடுப்பாங்க. ஆனா நான் கேக்கப் போறதில்லை."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவம் இல்லைங்க. காசுக்குப் பயந்தும் இல்லை. கடை வச்சாலும் அங்கேயும் நீங்க நாற்காலி நுனியிலதான் உட்காருவீங்க. எனக்கு அது வேணாம். உங்க பேரைச் சரி பண்ணுவோம். அப்புறம் கடை."

"அது ராசியில்லாத பேரு."

"அந்தப் பேரைத்தான் நான் கட்டிக்கிட்டேன்."

அந்த வார விடுமுறையன்று காலையில், அவருடைய கடன் வரலாற்றைக் கம்ப்யூட்டரில் வரவழைத்தாள். அவர் பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு அவளுடைய துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தார். கடன் கொடுக்கலாமா என்று காட்டும் ஸ்கோர் பாதாளத்தில் கிடந்தது. கார்டு பாக்கி இருந்தது, எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. பல வருஷமாகக் கட்டாத பைக் கடன்.

"ஏங்க, நீங்க பைக் வாங்கினீங்களா?"

துவாலை மடிக்கிற சத்தம் நின்றது. "வாங்கியிருப்பேன் போல" என்றார் மெதுவாக.

"போலவா? பைக் என்ன கொத்தமல்லிக் கட்டா, வாங்கினது ஞாபகம் இல்லாம போக? உங்களுக்கு ஓட்டவே தெரியாதே! சைக்கிள்லேயே வளைவுக்கு இறங்கித் தள்ளிக்கிட்டுத்தானே போவீங்க?"

"ரொம்ப நாளைக்கு முன்னாடி பேங்க்ல ஒருத்தர், ரெண்டு கடன் நிலுவையில இருக்குன்னு சொன்னார். அந்தச் சமயத்துல எதெதுலயோ கையெழுத்துப் போட்டேன் டீச்சர். கடைப் பையனுக்கு வண்டி எடுத்துக் கொடுத்தேனோ என்னவோன்னு நினைச்சுக்கிட்டேன். கேக்குறதுக்கு வாய் வரலை. ஒரு கடனைக் கட்டாதவன், இன்னொன்னு என்னோடது இல்லைன்னா யாரு நம்புவா?"

செய்த தப்புக்குத் தலை குனிந்தவர், செய்யாத தப்புக்கும் சேர்த்தே குனிந்து நின்றிருக்கிறார், இத்தனை வருஷமாக. அவள் எழுந்து போய் அவர் கையிலிருந்த துவாலையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

பைக் கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்குப் புகார் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகின்றன, ஆகவே இது உங்கள் கடன்தான்.

"பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் மாஸ்டர், ஏதோ நிம்மதி கிடைத்த மாதிரி.

"அவங்க சொன்னா ஆச்சா? நேர்ல போறோம்."

ஆனால் அவரை அப்படியே கூட்டிப்போனால் வாசலிலேயே ஒப்புக்கொண்டு வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சமையலறை மேஜையில் ஒத்திகை நடந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டு அதிகாரியானாள். குளத்து விசில் கழுத்தில் தொங்கியது.

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

"மேடம், மன்னிக்கணும், உங்க நேரத்தை..."

வீல் என்று விசில் அடித்தது. மாஸ்டர் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார்.

"மன்னிப்பு கேட்டா விசில். திரும்ப வாங்க."

"வணக்கம் மேடம். தப்பு என்மேலயும்..."

வீல்! மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார். அவர் போனதும் இரண்டு பேரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்கள். டீச்சரிடம் வருகிற பெரியவர்களும் இப்படித்தான். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே மூழ்கிவிட்டவர்கள். அவர்களைத் திட்டி இறக்க முடியாது. கூடவே நின்று, முதலில் முகத்தை மட்டும் நனைக்க வைக்க வேண்டும். மாவு பிசைகிற கைகள் மேஜைமேல் நிதானமாக வந்து அமரும்வரை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நிதி நிறுவனத்தின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த இளம் அதிகாரி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பாக்கி கட்ட வந்தீங்களா?" என்றாள்.

மாஸ்டரின் உதடு "மன்..." என்று குவிந்தது. டீச்சரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் அந்தக் கையை அவர் பார்த்துவிட்டார். எச்சிலை விழுங்கினார்.

"இல்லைங்க. இந்த வண்டியை நான் வாங்கலை. கடன் வாங்கினவரோட விண்ணப்பத்தை எடுத்துக் காட்டுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் முனகினாள். பிறகு உள்ளே போய், தூசி படிந்த ஒரு கோப்போடு வந்தாள். திறந்ததும் அவள் பார்வை அதில் ஒட்டியிருந்த படத்துக்கும் மாஸ்டருக்குமாக இரண்டு மூன்று முறை போய் வந்தது. படத்தில் இருந்தவருக்கு அடர்ந்த மீசை, ஒரு பக்கம் கிழிந்த புருவம். அப்பா பேர் வேறு, முகவரி வேறு. மாஸ்டரின் பேரும் பிறந்த நாளும் மட்டும் அச்சாக அப்படியே. அடையாள எண்ணைப் பதிந்தவர் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்திருந்தார். அவ்வளவுதான்.

"சாரி சார்" என்றாள் அதிகாரி. "எங்க பக்கம்தான் தப்பு. சார், இத்தனை வருஷம் நீங்க ஏன் வந்து கேக்கலை?"

டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்ன கேள்வி இது! பல்லைக் கடித்துக்கொண்டு, "திருத்திட்டோம்னு கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்க. வாங்காம நகர மாட்டோம்" என்றாள்.

மாஸ்டரோ அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், இவரும் ஏதோ கஷ்டத்துலதான் கட்டாம விட்டிருப்பாரு" என்றார். "இனிமே இவரைத் தேடுவீங்களா மேடம்? தேடினா கொஞ்சம் மரியாதையா பேசச் சொல்லுங்க."

அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். டீச்சர் மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படி இறங்கும்போது அவர் பாதியில் நின்று, "நான் பைக் வாங்கலை" என்றார், புதுச் செய்தி சொல்கிற மாதிரி. மருந்துக் கடைக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

சொந்தக் கடன் அப்படி லேசாகப் போகவில்லை. அது அவர் வாங்கியதுதான். வசூல்காரர் போனில், "பாதி கட்டுங்க சார், கணக்கை முடிச்சுடலாம்" என்று தேன் ஒழுகப் பேசினார். பேங்கில் விசாரித்தபோது, அப்படி முடித்தால் அரைகுறையாக முடித்தது என்று வரலாற்றில் ஏறும், அடுத்துக் கடன் கொடுப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும் என்றார்கள். டீச்சர் யோசித்தாள். மாஸ்டர் யோசிக்கவில்லை. "வெண்ணெயை நான் முழுசாத்தானே வாங்கினேன்" என்றார்.

அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி டீச்சர் பேங்கில் மல்லுக்கட்டினாள். அசலை முழுதாகக் கட்டுகிறோம், முழுதாக முடிந்தது என்றே பதிய வேண்டும் என்று எழுதி வாங்கினாள். அந்த மழைக்காலம் முழுக்க மாஸ்டர் விடுமுறை நாளெல்லாம் வீட்டில் பிறந்தநாள் கேக் செய்தார். டீச்சர் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு தடவை கேக்கின் ஒரு மூலை நசுங்கிவிட்டது. கேக்குக்குச் சொந்தக்காரனான சின்னப் பையன், "இது மலையா?" என்று கேட்க, "ஆமாம், மலைதான்" என்று சொல்லித் தப்பித்தாள். கடைசித் தவணையை மாஸ்டர் தன் கையாலேயே கட்டினார். வீட்டுக்கு வந்து, பட்டப்பகலில் படுத்து, விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்கினார்.

அதற்குள் பேக்கரி கைமாறிவிட்டது. முதலாளியால் அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. செருப்புக் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். செய்தி கேட்டபோது டீச்சர்தான் அழுதாள். தன் பிடிவாதத்தால் கை நழுவிப் போயிற்றே என்று நினைத்தாள். "அன்னிக்கே என் பேர்ல வாங்கியிருக்கலாம்."

"வாங்கியிருக்கலாம்" என்றார் மாஸ்டர். மறுக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்போ நான் பைக் வாங்கினவனாவே இருந்திருப்பேன்" என்றார்.

வேறொரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். பேங்கில் கொஞ்சம் பணத்தை வைப்பாகப் போட்டு, அதை ஈடாகக் காட்டி ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கினார்கள். அவர் பேர் அச்சடித்த கார்டு. அதைக் கொண்டு மாதம் ஒரு தடவை முட்டை மட்டும் வாங்குவார். பில் வருவதற்கு முன்பே அவர் கட்டப்போனால், "சார், இன்னும் பில்லே வரலை" என்று பேங்க்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஸ்கோர் நத்தை மாதிரி ஏறியது. ஒரு மாதம் காரணமே தெரியாமல் இறங்கியது. அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் திரும்ப ஏறியது.

ஒன்றரை வருஷம் கழித்து, நீச்சல் குளத்துக்கு எதிரே காலியாக இருந்த ஒரு அறைக்கும் ஒரு பழைய அடுப்புக்குமாகக் கடன் கேட்டார்கள். கேட்டதில் முக்கால் பங்குதான் கிடைத்தது. கடன் மாஸ்டர் பேரில், ஜாமீன் டீச்சர். கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "பயமா இருக்கு" என்றார், அதிகாரிக்கும் கேட்கிற மாதிரி.

"எனக்குந்தான்" என்றாள் டீச்சர். "போடுங்க."

போட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாஸ்டர் கால்களை நன்றாக நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அடுப்பை எந்தச் சுவரை ஒட்டி வைப்பது, காலையில் நீந்திவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு என்ன போடுவது என்று சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. பேச்சு நடுவிலேயே நின்றது. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். அவள் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். டீச்சர் உதட்டில் விரலை வைத்து, போகட்டும் என்று தலையை ஆட்டினாள். கண்டக்டர் புரியாமல் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.